கல்லூரியின் முதன்மை ஆட்டக்காரரும் தொழில்முறை அணியின் கடைசி இடமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தம் அணியின் முதன்மை ஆட்டக்காரராக இருந்த ஒரு பெண், டபிள்யூஎன்பிஏ எனப்படும் பெண்கள் தொழில்முறை லீக்கில் ஓர் இடத்தைப் பெற 2019 முதல் 2025 வரை கடந்துவந்த வழியை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அவருடைய பெயர், படித்த கல்லூரிகள், ஆடிய அணிகள் ஆகியவை விடப்பட்டுள்ளன. டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில், எந்த எண்ணில் தேர்வானார் என்பது போன்று ஆளை எளிதில் காட்டிக்கொடுக்கும் விவரங்களும் சேர்க்கப்படவில்லை. இவருடைய திறமை எவ்வளவு என்று அளப்பது இதன் நோக்கமன்று. கல்லூரியில் இவர் செய்த வேலை ஒன்றாகவும், தொழில்முறை அணிகள் சம்பளம் கொடுத்து எதிர்பார்த்த வேலை வேறாகவும் இருந்தன. அந்த இடைவெளி எப்போது தெரியவந்தது, அதைக் குறைக்க எந்தக் கட்டத்தில் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பின்னணி

இவர் 2019 இலையுதிர் காலத்தில், பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளைச் சேராத ஒரு நடுத்தரக் கல்லூரியில் முழு உதவித்தொகையோடு சேர்ந்தார். உயரம் 6 அடி, அதாவது ஏறத்தாழ 183 சென்டிமீட்டர். அந்தக் கூட்டமைப்பில் அந்த உயரமே கூடைக்கு அடியில் ஆடப் போதுமானதாக இருந்ததால், முதல் ஆண்டு முதலே கூடைக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கி, உடம்பால் இடம் பிடித்து, அருகிலிருந்து புள்ளி எடுக்கும் ஆட்டக்காரராக வளர்க்கப்பட்டார். ரீபவுண்டில், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதில், கைதேர்ந்தவர், கடின உழைப்பாளி, காயங்கள் குறைவு. இரண்டாம் ஆண்டிலிருந்தே அணியின் புள்ளிகளில் பெரும்பங்கு அவருடையது.

தற்காப்பில் அந்த அணி பெரும்பாலும் இரண்டு பேர் முன்னும் மூன்று பேர் பின்னுமாக நிற்கும் மண்டலத் தற்காப்பையே, அதாவது ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் முறையையே, ஆடியது. அதில் பின்வரிசையின் நடுவில் நிற்பது இவர் வேலை. நான்கு ஆண்டுகளில், விரைவாக ஓடும் ஒரு விங் ஆட்டக்காரரை, அதாவது கூடையை விட்டு வெளியே பக்கவாட்டில் ஆடுபவரை, தனியாகத் துரத்திக் காக்கவேண்டிய நிலை இவருக்கு ஏறத்தாழ வந்ததே இல்லை. அன்று இதை யாரும் குறையாக எண்ணவில்லை. அணி வென்றுகொண்டிருந்தது.

கொரோனா காலத்தில் நடந்த 2020–21 பருவத்தை ஆட்டக்காரர்கள் கல்லூரியில் ஆட அனுமதிக்கப்படும் ஆண்டுகளின் கணக்கில் சேர்க்காமல், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ விட்டுவிட்டது. எனவே 2023இல் நான்கு ஆண்டுகளை முடித்து இளங்கலைப் பட்டம் பெறும் நிலையில், தொழில்முறை டிராஃப்டுக்குப் போகலாம், அல்லது இன்னும் ஓராண்டு கல்லூரியில் ஆடலாம் என்ற இரு வழிகளும் அவருக்கு முன் இருந்தன. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற அனுமதி வந்திருந்தது. ஊர்க்காரர்கள் நன்கறிந்த முகமாகிவிட்ட இவருக்கு அந்த வகையில் ஓரளவு வருமானமும் இருந்தது.

2023 வசந்தத்தில் காணப்பட்டவை

அந்த ஆண்டு பருவம் முடிவதற்குச் சில வாரங்கள் முன்பு, கல்லூரிக்கு வெளியே பணியாற்றும் ஓர் ஆட்டத்திறன் பயிற்சியாளரிடம் குடும்பத்தினர் கருத்துக் கேட்டனர். அவர் இரண்டு பருவங்களின் காணொளிகளைப் பார்த்து எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில் புகழ்ச்சி குறைவு. அதிலிருந்த முதன்மையான மூன்று அவதானிப்புகளைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் பின்னர் நடந்தவை அனைத்தும் இவற்றையே சுற்றி நடந்தன.

முதலாவது உயரம். கல்லூரியில் இவர் ஆடிய இடத்தில் தொழில்முறையில் ஆடுபவர்கள் ஆஜா வில்சன், பிரியானா ஸ்டூவர்ட் போன்றோர். இருவருமே 193 சென்டிமீட்டர் உயரத்தவர், விரைவிலும் குறைந்தவர்களல்லர். இவருக்கு இருப்பது விங் ஆட்டக்காரரின் உயரம். ஆகவே எந்த அணியும் இவரை எடுப்பதானால் விங் இடத்துக்குத்தான் எடுக்கும் என்று மதிப்பீடு தெளிவாகச் சொன்னது.

இரண்டாவது எறிதல். மூன்று புள்ளிக் கோட்டின், அதாவது வெளியே நின்று எறிந்தால் மூன்று புள்ளி தரும் கோட்டின், தொலைவில் சிக்கல் இல்லை. 2021–22 பருவம் முதல் பெண்கள் கல்லூரி ஆட்டத்திலும் அக்கோடு 22 அடி 1¾ அங்குலத்துக்கு, அதாவது தொழில்முறை ஆட்டத்திலும் பன்னாட்டு ஆட்டத்திலும் உள்ள 6.75 மீட்டருக்கு நகர்த்தப்பட்டுவிட்டது. பந்தும் ஒரே அளவுதான். சிக்கல் நேரத்தில் இருந்தது. பந்து கைக்கு வந்ததும் அதை இடுப்பு வரை இறக்கி, ஒருமுறை முழங்காலை மடக்கி நிமிர்ந்த பிறகே எறிவார். கூடைக்கு அடியில் வளர்ந்தவர்களிடம் இப்பழக்கம் அடிக்கடி காணப்படும், ஏனெனில் அங்கே பந்தைக் கீழே இறக்கி உடம்பால் மறைப்பதே பாதுகாப்பு. கோட்டருகே அதே அசைவு தற்காப்பாளருக்கு ஓடிவந்து கையை உயர்த்த நேரம் கொடுத்துவிடுகிறது. கல்லூரியில் எதிரணி இவரை வெளியே காக்கவே வராததால், எறிந்தவற்றில் கணிசமானவை உள்ளே விழுந்தன. அந்த விழுக்காடு ஏமாற்றக்கூடியது என்று மதிப்பீட்டாளர் அடிக்கோடிட்டிருந்தார்.

மூன்றாவது தற்காப்பு. தன் கைக்கெட்டும் தொலைவில் உள்ள எதிராளி எவரையும் காக்காமல் கூடைக்கு அடியிலுள்ள பகுதியில் மூன்று நொடிக்கு மேல் ஒரு தற்காப்பாளர் நிற்பது டபிள்யூஎன்பிஏ விதிப்படி தவறு. கல்லூரி ஆட்டத்தில் அந்த விதி இல்லை. இவர் நான்கு ஆண்டுகளாகச் செய்துவந்த தற்காப்பு வேலையே அந்த விதியின் கீழ் நிற்க முடியாதது. அதோடு, எறிய வேண்டிய கால எல்லை கல்லூரியில் 30 நொடி, அங்கே 24 நொடி. பந்தைத் தம் பாதியிலிருந்து கடத்திவர 10 நொடிக்குப் பதில் 8 நொடி. தாக்குதலிலிருந்து தற்காப்புக்குத் திரும்பி ஓடும் வேகம் இதனால் வேறாகிறது.

கல்லூரித் தலைமைப் பயிற்சியாளர் இந்த மதிப்பீட்டை முழுதும் ஏற்கவில்லை. “எங்கள் ஆட்டத்தில் அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நின்றால்தான் நாங்கள் வெல்கிறோம்,” என்றார். அவர் சொன்னது உண்மை. தம் அணியை வெல்ல வைப்பதே அவர் பணி. ஆட்டக்காரரின் அடுத்த பத்தாண்டுகள் வேறொரு கணக்கு.

இடங்களின் எண்ணிக்கை

இவ்விடத்தில் லீக்கின் அமைப்பைக் கூறாமல் மேலே செல்ல முடியாது. 1997இல் ஆட்டங்களைத் தொடங்கிய டபிள்யூஎன்பிஏவில் 2010 முதல் 2024 வரை 12 அணிகள் இருந்தன. ஓர் அணியில் அதிக அளவாக 12 பேர் என்ற வரம்பின்படி மொத்தம் 144 இடங்களே. ஆனால் டிராஃப்டில் மூன்று சுற்றுகளில் ஆண்டுக்கு 36 பேர் தேர்வானார்கள். 36 பேர் உள்ளே வரவேண்டுமானால் ஏற்கெனவே இருப்பவர்களில் 36 பேர் வெளியேற வேண்டும், அது நடக்கவில்லை. ஆடவர் லீக்கைப் போல இரண்டாம் நிலை வளர்ச்சி லீக் எதுவும் அப்போது பெண்களுக்கு இல்லை.

144 இடங்களும்கூட முழுமையாக நிரம்பவில்லை. 2024இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 14,63,200 டாலர், அதை மீற வழியிருக்கவில்லை. ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 2,41,984 டாலர். இருவருக்கு அத்தொகையைக் கொடுத்தால் உச்சவரம்பில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். பன்னிரண்டாவது ஆளுக்குக் குறைந்தபட்சச் சம்பளமான 64,154 டாலர் மிஞ்சாமல், 11 பேரோடு பருவத்தைத் தொடங்கிய அணிகள் அப்போது இருந்தன. அந்த ஆண்டு டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டு அடிப்படைச் சம்பளமே 76,535 டாலர்தான் என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்டது. இந்த ஆய்வைப் பொறுத்தவரை முக்கியமானது அந்தத் தொகையன்று. புதியவர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் உத்தரவாதமற்றது, பருவம் தொடங்கும் முன் நீக்கப்பட்டால் அச்சம்பளம் கிடைக்காது என்பதையே இங்கே கருதவேண்டும்.

முதல் முடிவு: ஐந்தாம் ஆண்டு, புதிய கல்லூரி

குடும்பத்தினர் மூன்று வழிகளை எடைபோட்டனர். 2023 டிராஃப்டுக்கு உடனே போவது ஒன்று. அதே கல்லூரியில் ஐந்தாம் ஆண்டும் ஆடி, விளம்பர வருமானத்தோடு முதுகலைப் படிப்பைத் தொடங்குவது இன்னொன்று. பெரிய கூட்டமைப்பிலுள்ள ஒரு கல்லூரிக்கு மாறி, புள்ளிகள் குறைந்தாலும் விங் இடத்தில் ஆடிப் பழகுவது மூன்றாவது.

ஆட்டக்காரர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். விங் இடத்தில் ஒரு முழுப் பருவக் காணொளி இல்லாமல் எந்த அணித் தேர்வாளரும் தம்மை நம்பி எடுக்கமாட்டார் என்பது அவர் வாதம். புதிய கல்லூரியின் பயிற்சியாளர், “உனக்கு இங்கே கூடைக்கு அடியில் வேலையே இருக்காது, அந்த இடத்துக்கு எங்களிடம் ஆள் இருக்கிறார்,” என்று உறுதியளித்தார். விளம்பர வருமானம் குறையும் என்று தெரிந்தே மாறினார். தாயார் மட்டும், தெரிந்த ஊரையும் உறுதியான இடத்தையும் விட்டுப் போவானேன் என்று கடைசி வரை தயங்கினார்.

முடிவின் நோக்கம் சரியானதே. ஆனால் அந்த அணியில் கூடைக்கு அடியில் ஆட ஒருவர்தான் இருந்தார், அவருக்கு மாற்றாக யாருமில்லை என்பதை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை.

ஐந்தாம் பருவம்

2023 நவம்பர், டிசம்பர் மாதங்களில் திட்டப்படியே நடந்தது. புள்ளிகள் பாதியாகக் குறைந்தன. விங் தற்காப்பில் தடுமாறினார். எனினும் வாரத்துக்கு வாரம் முன்னேற்றம் காணொளியில் தெரிந்தது. புத்தாண்டுக்குப் பின், கூடைக்கு அடியில் ஆடிய அந்த ஒருவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டுப் பருவம் முழுவதும் வெளியே அமர நேர்ந்தது. அணியில் அந்த இடத்தை நிரப்பத் தெரிந்தவர் இவர் ஒருவரே. பயிற்சியாளர் கேட்டுக்கொண்டபோது மறுக்கவும் முடியாது. மறுத்திருந்தால் உட்காரவைக்கப்பட்டிருப்பார் என்பது ஒருபுறம், உடன் ஆடுபவர்களைக் கைவிட்டவர் என்ற பெயர் மறுபுறம். ஜனவரி முதல் மார்ச் வரை அவர் மீண்டும் பழைய வேலையையே செய்தார். அதை நன்றாகவும் செய்தார், அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

கல்லூரி மாறும் ஆட்டக்காரருக்குக் கொடுக்கப்படும் வாக்குறுதி, அணியின் முதல் பெரிய காயம் வரைதான் செல்லுபடியாகும். அது பயிற்சியாளர்களின் நேர்மையின்மையால் அன்று. அவர்களுக்கும் வேறு வழியிருப்பதில்லை.

எறியும் முறையைத் திருத்தும் வேலையும் பாதியில் நின்றது. பருவத்தின் நடுவே, வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் இருக்கும்போது, பல ஆண்டுப் பழக்கத்தை மாற்ற முயன்றால் பழையதும் கெட்டு, புதியதும் வராத நிலைதான் ஏற்படும். அதை உணர்ந்து பிப்ரவரியில் அம்முயற்சியை நிறுத்தினார்கள்.

டிராஃப்டும் முகாமும்

2024இல் கல்லூரி இறுதி ஆட்டம் ஏப்ரல் 7 அன்று, டிராஃப்ட் ஏப்ரல் 15 அன்று, பயிற்சி முகாம்களின் தொடக்கம் ஏப்ரல் 28 அன்று, தொழில்முறைப் பருவத்தின் முதல் ஆட்டங்கள் மே 14 அன்று. ஐந்து மாதக் கல்லூரிப் பருவத்தின் களைப்போடு, ஓய்வே இல்லாமல், முகவரைத் தேர்ந்து, தேர்வுகளை எழுதி, தன்னைவிட வலிமையானவர்கள் நடுவில் போய் நிற்கவேண்டிய காலம் அது. புதியவர்களுக்கு இந்த நாட்காட்டி இழைக்கும் கேட்டைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை என்பது இவ்வாய்வாளரின் கருத்து.

இவர் முதல் சுற்றில் இல்லாவிட்டாலும் தேர்வானார். முகாமில் 15க்கு மேற்பட்டவர்கள் இருந்தனர். அந்த அணியின் உச்சவரம்புக் கணக்கைப் பார்த்த முகவர், அவர்கள் 11 பேரோடுதான் தொடங்குவார்கள், அவற்றில் ஒன்பது இடங்கள் ஏற்கெனவே உறுதியானவை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மிஞ்சிய இரண்டு இடங்களுக்கு ஏழெட்டுப் பேர்.

முதல் வாரத்தின் பயிற்சி ஆட்டமொன்றின் காணொளியில் பதிவான ஒரு நிகழ்வு முழு முகாமையும் விளக்கப் போதுமானது. பந்தைக் கடத்திவந்து தாக்குதலை நடத்தும் மூத்த ஆட்டக்காரர் கூடையை நோக்கி ஊடுருவுகிறார். இவரைக் காத்தவர் உதவிக்கு உள்ளே நகர்கிறார். பந்து மூலையில் தனித்து நிற்கும் இவரிடம் வருகிறது. முன்னால் யாருமில்லை. பந்து இடுப்புக்கு இறங்குகிறது. தற்காப்பாளர் திரும்பி ஓடிவருகிறார். இவர் எறியாமல் ஒருமுறை தட்டி உள்ளே நகர்ந்து, தம்மைவிட உயரமான இருவருக்கு நடுவில் சிக்கிப் பந்தை இழக்கிறார். ஆட்டம் நின்றதும் அந்த மூத்தவர் அருகில் வந்து, “நான் உனக்குப் பந்து கொடுத்தால் அது எறிவதற்காகத்தான். நீ எறியாவிட்டால் அடுத்த முறை கொடுக்கமாட்டேன்,” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் அந்தப் பந்து உண்மையிலேயே குறைவாக வந்தது.

தற்காப்பில், எதிரணியினர் உடம்பால் வழிமறிக்கும் ஸ்கிரீன்களைச் சுற்றி எறிதல் வல்லவர்களைத் துரத்துவதில் ஒவ்வொரு முறையும் அரை அடி பின்தங்கினார். ரீபவுண்டும் உழைப்பும் பாராட்டப்பட்டன. பருவம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு நீக்கப்பட்டார். அணி மேலாளர் கொடுத்த காரணம் சுருக்கமானது: நாங்கள் மூலையில் நின்று எறிபவரைத் தேடுகிறோம், நீங்கள் இன்னும் அவரல்லர்.

இந்த “இன்னும்” என்ற சொல்லை மரியாதைக்குச் சொன்னதாகக் கொள்ளலாம், தகவலாகவும் கொள்ளலாம். ஆட்டக்காரர் அதைத் தகவலாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் முடிவு: காத்திருப்பதா, கடல் கடப்பதா

நீக்கப்பட்ட ஆட்டக்காரரை 48 மணி நேரத்துக்குள் வேறு அணி எதுவும் எடுத்துக்கொள்ளாவிட்டால் அவர் எவரோடும் ஒப்பந்தம் செய்யலாம். யாரும் எடுக்கவில்லை. பருவத்தின் நடுவில் காயங்களால் இடம் திறக்கும் என்று உள்நாட்டிலேயே காத்திருக்கலாம் என்பது முகவரின் முதல் யோசனை. ஆனால் 2024 பருவத்தில் பாரிஸ் ஒலிம்பிக்கை முன்னிட்டு ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை இடைவேளை இருந்தது. காயமுற்றோர் குணமாக அதுவே நேரம் கொடுக்கும், அவசர அழைப்புகள் குறையும் என்று அவர்களே கணித்தனர். அதைவிட முக்கியமாக, அழைப்பு வந்தாலும் அவர் அதே பழைய எறிதலோடுதான் போவார்.

எனவே கோடை முழுவதையும் எறிதலுக்கே ஒதுக்குவது என முடிவாயிற்று. முன்பு மதிப்பீடு எழுதிய பயிற்சியாளரிடமே சென்றார். வேலை சலிப்பூட்டுவது. பந்து வருவதற்கு முன்பே முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். பந்தை மார்புக்குக் கீழே இறக்கக் கூடாது. காலும் கையும் ஒரே அசைவில் எழவேண்டும். முதல் சில வாரங்கள் கூடையின் அருகிலிருந்து மட்டும், பிறகு படிப்படியாகப் பின்னோக்கி. விழுந்ததா இல்லையா என்பதைக் குறிக்காமல், பந்து கையில் பட்டதிலிருந்து கையை விடும் வரையான நேரத்தை மட்டுமே காணொளியில் அளந்தார்கள். விழுக்காட்டைப் பார்த்தால் மனம் பழைய முறைக்குத் திரும்பும் என்பது பயிற்சியாளரின் காரணம். ஆகஸ்ட் இறுதியில் அந்த நேரம் தெளிவாகக் குறைந்திருந்தது. விழுக்காடு இன்னும் பழைய அளவை எட்டவில்லை.

இதற்கிடையே இரண்டு வெளிநாட்டு அழைப்புகள் வந்தன. ஓர் ஐரோப்பியக் கழகம் நல்ல தொகை தர முன்வந்தது. அவர்கள் பார்த்திருந்தது கல்லூரிக் காணொளியை. கூடைக்கு அடியில் நின்று புள்ளி எடுப்பவராக இவரை விரும்பினர். ஆஸ்திரேலியாவின் டபிள்யூஎன்பிஎல் லீக்கைச் சேர்ந்த ஒரு கழகம் அதைவிடக் கணிசமாகக் குறைந்த தொகைக்கு விங் இடத்தில் ஆட அழைத்தது.

ஆஸ்திரேலியா தேர்வானதற்கு இரண்டு காரணங்கள். ஆடவேண்டிய இடம் முதலாவது. இம்முறை அவர் வாய்மொழியை நம்பாமல், அக்கழகத்தில் கூடைக்கு அடியில் ஆடுபவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு மாற்று யார் என்று கேட்டு அறிந்தார். மூவர் இருந்தனர். நாட்காட்டி இரண்டாவது. அந்த லீக் அக்டோபர் இறுதியில் தொடங்கி மார்ச் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஐரோப்பிய லீக்குகள் பலவும் ஏப்ரல், மே வரை நீள்வதால் அங்கிருந்து முகாமுக்குத் தாமதமாகவும் களைப்போடும் வருவோர் பலர். டபிள்யூஎன்பிஏவில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆடியவர்கள் குறித்த நாளுக்குள் வராவிட்டால் பருவத்தையே இழக்கும் விதி 2023இல் அமலுக்கு வந்திருந்தது. இவர் போன்ற புதியவர்களுக்கு அவ்விதி பொருந்தவில்லை. ஆனால் விதி பொருந்தாவிட்டாலும், தாமதமாக வரும் புதியவருக்காக எந்த அணியும் இடத்தை வைத்திருக்காது.

ஆஸ்திரேலியப் பருவம்

எட்டு அணிகள் கொண்ட லீக். ஓர் அணிக்கு 21 ஆட்டங்கள். ஆட்ட எண்ணிக்கை குறைவாகவும் பயிற்சி நாட்கள் அதிகமாகவும் இருந்தது இவருக்கு உதவியது. தொடக்கத்தில் எறிதல் மோசமாகவே இருந்தது, உள்ளூர் ஆதரவாளர்கள் வெளிநாட்டு ஆட்டக்காரரிடம் எதிர்பார்ப்பது புள்ளிகளை. பயிற்சியாளர் பொறுமையாக இருந்தார். டிசம்பருக்குப் பின் மூலையிலிருந்து எறிபவை விழத் தொடங்கின. எதிரணிகள் இவரை வெளியே காக்க வந்ததும், உள்ளே நுழையும் வழியும் திறந்தது. பழைய திறமைக்கு அப்போதுதான் புதிய பயன் ஏற்பட்டது.

தற்காப்பில் ஒரு கூடுதல் கவனம் தேவைப்பட்டது. பன்னாட்டு விதிகளிலும் தற்காப்பு மூன்று நொடித் தடை இல்லை. ஆகவே ஆட்டத்தில் அது பழகாது. பயிற்சியின்போது உதவிப் பயிற்சியாளர் ஒருவரைக் கூடைக்கு அருகே நிறுத்தி, இவர் உள்ளே நிற்கும் ஒவ்வொரு முறையும் நொடியைச் சத்தமாக எண்ணச் சொல்லி அதைப் பழகினார். தாமே கேட்டு ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு இது. ஆறு ஆண்டுக் காலத்தில் இவர் எடுத்த மிக நல்ல சிறு முடிவு இதுவே என்பேன்.

2025

கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் அணி சேர்ந்ததால் லீக்கில் 13 அணிகளும் 156 இடங்களும் ஆயின. ஏப்ரல் இறுதியில் வேறோர் அணியின் முகாமுக்கு, மீண்டும் உத்தரவாதமற்ற ஒப்பந்தத்தில் சென்றார். இம்முறை கடைசி நீக்கத்தில் வெளியேறினார். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரண்டு முகாம்களின் முடிவும் ஒன்றே. உள்ளே நிலைமை வேறு: அந்த அணி, ஊருக்குத் திரும்பினாலும் பயிற்சியை விடவேண்டாம், அழைப்போம் என்றது.

அப்போதைய விதிப்படி, ஓர் அணியில் ஆடும் நிலையில் உள்ளவர்கள் பத்துக்குக் கீழே குறைந்தால் அவசர ஒப்பந்தத்தில் ஒருவரைச் சேர்க்கலாம். ஜூன் மாதத்தில் அப்படி அழைக்கப்பட்டுச் சில ஆட்டங்களில் சில நிமிடங்கள் ஆடினார். காயமுற்றவர் திரும்பியதும் விதிப்படி அந்த ஒப்பந்தம் முடிந்தது. பருவத்தின் பாதி கடந்த பின் ஏழு நாள் ஒப்பந்தங்கள் அனுமதிக்கப்பட்டன. மற்றோர் அணி அவ்வாறு எடுத்தது. இரண்டாவது ஏழு நாள் ஒப்பந்தத்துக்குப் பின், பருவம் முடியும் வரைக்குமான ஒப்பந்தம் கிடைத்தது. அந்த ஆண்டின் குறைந்தபட்சமான 66,079 டாலரை எஞ்சிய நாட்களுக்குப் பிரித்த தொகையே சம்பளம்.

அந்த அணியில் இவருடைய வேலை குறுகியது: இரண்டாம் காலாட்டத்திலும் மூன்றாம் காலாட்டத்தின் இறுதியிலும் உள்ளே வந்து, எதிரணியின் விங் ஆட்டக்காரரைக் காத்து, மூலையில் நின்று, பந்து வந்தால் உடனே எறிவது. கல்லூரியில் ஒவ்வொரு தாக்குதலும் தம் வழியாகவே நடந்து பழகியவருக்கு இது எளிதில் ஒத்துப்போவதில்லை. ஒரு முழு ஆட்டத்தில் ஒரேயொரு எறிதலோடு முடித்த நாட்களும் உண்டு. அந்த ஓர் எறிதலுக்காக மற்ற நேரமெல்லாம் தயாராக நிற்பதே சம்பளத்துக்கான வேலை என்பதைத் தலைமைப் பயிற்சியாளர் வெளிப்படையாகச் சொன்னதாகவும், அதுவே தமக்கு நிம்மதியளித்ததாகவும் ஆட்டக்காரர் கூறினார். 2025 இலையுதிர் காலத்தில் அவர் மீண்டும் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார், இம்முறை கூடுதல் தொகைக்கு.

மாற்ற வேண்டியவை

2023 வசந்தத்தில் கிடைத்த மதிப்பீடு 2021இலேயே கிடைத்திருக்க வேண்டும். அதிலிருந்த எதுவும் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. உயரமும் எறியும் முறையும் இரண்டாம் ஆண்டிலும் அவையே. கல்லூரிப் பயிற்சிக் குழுவிடம் இதை எதிர்பார்ப்பது சரியாகாது, அவர்கள் நலன் வேறு திசையில் இருக்கிறது. பணம் செலவானாலும் வெளியாள் ஒருவரின் எழுத்து மதிப்பீட்டை இரண்டாம் ஆண்டு முடிவில் ஒருமுறையும், மூன்றாம் ஆண்டு முடிவில் ஒருமுறையும் பெறுவது இதே நிலையில் உள்ளவர்களுக்கு ஏற்றது.

எறிதல் திருத்தம் ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் மட்டுமே செய்யத்தக்கது. 2023 கோடையில் கல்லூரி மாற்றம், இடமாற்றம், முதுகலைச் சேர்க்கை ஆகியவற்றில் அந்த மாதங்கள் கரைந்தன. மாறுவதானால் அந்தக் கோடை இழப்பாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கல்லூரியோ கழகமோ, புதிய அணி “இந்த இடத்தில் ஆடுவாய்” என்று சொல்லும்போது, பழைய இடத்துக்கு அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும். ஒருவர்தான் என்றால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. இரண்டாம் முடிவில் இவர் இதைச் செய்தார்.

முகவரைப் பருவம் முடிந்த பின் ஓரிரு நாட்களில் அவசரமாகத் தேர்ந்தது தற்செயலாக நன்றாக முடிந்தது. டிராஃப்டுக்கு முன்பே, எந்த அணிகளுக்கு உச்சவரம்பில் இடம் இருக்கிறது, எவை 11 பேரோடு தொடங்கும் என்று படித்துச் சொல்லத் தெரிந்தவரா என்பதைக் குளிர்காலத்திலேயே விசாரித்திருக்கலாம். பிற்சுற்றில் தேர்வாவதைவிடத் தேர்வாகாமலே இருந்து, இடமுள்ள அணியின் முகாமுக்குத் தாமே பார்த்துப் போவது சிலருக்கு நல்லது. இவர் விஷயத்தில் அதுவே நல்லதாக இருந்திருக்கும் என்று முகவர் இப்போது எண்ணுகிறார்.

ஐந்தாம் ஆண்டைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. 2023லேயே டிராஃப்டைக் கடந்து, தேர்வாகாவிட்டாலும் அந்தக் குளிர்காலத்திலேயே ஆஸ்திரேலியா சென்றிருந்தால் ஓராண்டு மிச்சமாகியிருக்கும் என்பது திறன் பயிற்சியாளரின் நிலைப்பாடு. காணொளிச் சான்று அவர் பக்கமே இருக்கிறது. ஆட்டக்காரர் இதை ஏற்கவில்லை. விங் இடத்தில் ஆடிய அந்த இரண்டு மாதக் காணொளியைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியக் கழகம் தம்மை அழைத்தது என்கிறார். முதுகலைப் பட்டத்தில் இன்னும் இரண்டு தாள்கள் மீதமிருக்கின்றன; அவற்றைப் பருவங்களுக்கு இடையில் எழுதி முடிக்கப் பதிவு செய்திருக்கிறார்.